மகள் வானத்திலிருந்து குதிக்கப் போகிறாளாம்!

'பாராசூட்' என்று சொன்னால் நம் வீடுகளில் முதலில் ஞாபகத்துக்கு வருவது அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்தான். தலையில் தடவிக் கொள்வதற்கு மேல் அந்தப் பெயருக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. ஆனால் சிதம்பரத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கும் ஒரு சகோதரிக்கு, மூன்று வாரமாக அந்த எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறதாம்.

விஷயம் இதுதான். சகோதரியின் மகளுக்கு இருபத்து நான்கு வயது. படிப்பை முடித்து, டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாயாருக்குப் போன் பேசும் பெண். ஒரு ஞாயிறன்று, "அம்மா, நான் ஆகாய விமானத்திலிருந்து குதிக்கப் போகிறேன். ஹரியானாவில் நார்னௌல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இதற்கென்றே இடம் இருக்கிறது. முதல் தடவை வாத்தியாரோடு சேர்ந்து குதிப்பேன். பிடித்திருந்தால் முறையாகக் கற்றுக் கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்றாளாம், ஏதோ ஸ்வெட்டர் பின்னக் கற்றுக் கொள்ளப் போகிறவளைப் போல!

வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "உன் பெண்ணாயிற்றே, கேட்பாளா?" என்று சொல்லி விட்டார். கடலூரில் இருக்கும் நாத்தனாருக்குச் செய்தி எட்டியதும், "கையும் காலும் ஒடிந்து வந்தால் எவன் கட்டிக் கொள்வான்?" என்று அவர் ஒரு பாட்டம் தீர்த்தார். கடைசியில் சகோதரி பொறுக்க மாட்டாமல், "குதித்தாயானால் என் முகத்தில் விழிக்காதே" என்று சொல்லி விட்டாராம். மகள் போனை வைத்து விட்டாள். மூன்று ஞாயிறு போய் விட்டது. போன் வரவில்லை. "தடுப்பதா, விடுவதா? நீங்களே சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

இந்தக் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வானத்திலிருந்து குதிப்பது எவ்வளவு ஆபத்து என்பது ஒன்று. நின்று போன போனை மறுபடி எப்படி மணி அடிக்கச் செய்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கும் வழி பிறக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களை நம்பவும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் முப்பத்தாறரை லட்சம் தடவை ஜனங்கள் பாராசூட் கட்டிக் கொண்டு குதித்தார்கள். இறந்து போனவர்கள் 10 பேர். அதாவது மூன்றரை லட்சம் குதிப்புக்கு மேல் ஒரு மரணம். கேட்பதற்குத் தைரியமாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது விதிகளை வகுத்து, அந்த விதிகளின்படி பயிற்சி கொடுத்து, விபத்து நடந்தால் காரணத்தை எழுதி வைத்து எல்லோருக்கும் சொல்லுகிற ஒரு தேசத்தின் கணக்கு. விதிகளை விட்டு விட்டுக் கணக்கை மட்டும் நாம் எடுத்துக் கொள்ள முடியாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பாராசூட் விரியாமல் போவதுதான் பெரிய அபாயம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே, தரைக்கு அருகில் வந்த பிறகு, திருப்பக் கூடாத சமயத்தில் திருப்பி அடிபட்டவர்கள் பல பேர். அதாவது, துணியை விட மனிதருடைய தீர்மானம்தான் அதிகமாகத் தவறுகிறது. இதை மனத்தில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள், சகோதரி, பின்னால் வேண்டியிருக்கும்.

"பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்று கடலூர் நாத்தனார் கேட்கிறார். பாராசூட்டின் சரித்திரத்தைப் புரட்டினால், இந்தக் கேள்வியைக் கேட்க அவர் இருநூறு வருஷத்துக்கு மேல் தாமதித்து விட்டார் என்று தெரிகிறது. 1797-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கார்னெரின் என்பவர் பலூனில் ஏறித் துணிக் குடையோடு இறங்கினார். இரண்டே வருஷத்தில், 1799-ல், லப்ரோஸ் என்ற பெண்மணியும் அப்படியே இறங்கினார். ஜெர்மனியில் கேத்தே பவுலுஸ் என்று ஒரு தையற்காரி. பாராசூட்டை மடித்து ஒரு பைக்குள் அடக்கி முதுகில் கட்டிக் கொள்ளும் முறையை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். முதல் உலக யுத்தத்தின்போது அவர் தைத்துக் கொடுத்த பாராசூட்டுகள் சுமார் ஏழாயிரம். அமெரிக்காவில் டைனி பிராட்விக் என்ற பெண், ஐந்தடி கூட உயரமில்லாதவர், 1913-ல் ஆகாய விமானத்திலிருந்து குதித்தார்.

நம்முடைய தேசத்தை எடுத்துக் கொள்வோம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்தியப் பாராசூட் படையில் முதன் முதலாகக் குதித்த இந்தியர்களில் ஒருவர் டாக்டர் ஏ.ஜி.ரங்கராஜ். பெயரைக் கேட்டால் நம் தெருவிலே இருப்பவரைப் போலத் தோன்றுகிறதல்லவா? 1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரியாவில், காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்வதற்காக, முன்சான் என்ற இடத்தில் தம்முடைய சிறிய வைத்தியக் குழுவோடு பாராசூட்டில் இறங்கியவர். மகாவீர் சக்கர விருது பெற்றவர். 1959-ல் விமானப் படையைச் சேர்ந்த டாக்டர் கீதா சந்தா என்ற பெண்மணி குதித்தார். இந்தியப் பெண்களில் முதல் பாராசூட் வீராங்கனை அவர்தான்.

ரயில்வேயில் வேலை பார்த்த ரேச்சல் தாமஸ் 1979-ல் ஆக்ராவில் முதல் தடவையாகக் குதித்தார். 2002-ல், நாற்பத்தேழு வயதில், வட துருவத்துப் பனிக்கட்டியின் மேல் இறங்கினார். 2005-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பூனா நகரத்து ஷீத்தல் மகாஜன் 2004-ல் வட துருவத்திலே குதித்தவர். 2011-ல் பத்மஸ்ரீ பெற்றவர். இவர் 2018-ல் தாய்லாந்தில், மகாராஷ்டிரப் பெண்கள் உடுத்தும் ஒன்பது கெஜப் புடவையை உடுத்திக் கொண்டு 13,000 அடி உயரத்திலிருந்து குதித்தார் என்றால், நம் பாட்டிமார்கள் மடிசாரை இறுக்கிக் கட்டியது வீணில்லை என்றுதான் சொல்ல வேண்டும்! ஆனால் முதல் தடவை போகிறவர்கள் புடவையைப் பற்றி யோசிக்க வேண்டாம். அதெல்லாம் கை தேர்ந்தவர்கள் முன்னேற்பாட்டோடு செய்வது.

இனி, மகள் சொல்லுகிற குதிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தெரியாததுதானே பாதி பயம்?

சிதம்பரம் கோயிலின் வடக்குக் கோபுரம் சுமார் 140 அடி. அப்படித் தொண்ணூற்று மூன்று கோபுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 13,000 அடி. ஆகாசத்தையே தெய்வமாகக் கொண்ட அந்த ஊருக்கு மேலே, வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் அவ்வளவு உயரத்தில் நின்று பார்க்க முடியுமானால், வடக்கே கடலூர் வெள்ளி கடற்கரையும், கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும், தெற்கே கொள்ளிடமும், மேற்கே வீராணம் ஏரியும் ஒரே பார்வையில் அடங்கி விடும். அந்த உயரத்தில்தான் விமானத்தின் கதவைத் திறக்கிறார்கள்.

வெளியே வந்ததும் ராட்டினத்தில் இறங்குவது போல வயிறு மேலே வந்து அடைக்கும் என்று நினைப்போம். பெரும்பாலோர்க்கு அப்படி இருப்பதில்லை. ஏனென்றால், விமானத்தோடு சேர்ந்து நாமும் ஏற்கெனவே வேகமாகப் போய்க் கொண்டிருக்கிறோம். அந்த வேகம் மெள்ள மெள்ளக் கீழ் நோக்கித் திரும்புகிறது, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு விநாடியில் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகம் வந்து விடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றும் சமமாகி விடுகின்றன. அந்த வேகத்தில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து விடலாம். நம்முடைய பஸ்காரர்கள் கூட இன்னும் அதை எட்டவில்லை! மூச்சு விட முடியுமா என்றால், தாராளமாக முடியும். முக்கால் நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக இப்படி விழுந்த பிறகு, சுமார் 5,000 அடி உயரத்தில் பாராசூட்டை விரிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்தாறு நிமிஷம் நிதானமாக இறங்குவது.

பழைய சினிமாவில் பார்த்த வட்டக் குடை இப்போது இந்த விளையாட்டில் அபூர்வம். இன்று வருவது நீண்ட சதுரமான துணி. மெத்தை தைக்கும்போது வரி வரியாக அறை விடுகிறோமே, அதைப் போல அறைகள் இருக்கும். முன்புறம் திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து உப்பி, பறவையின் இறக்கை போல் ஆகி விடும். இரண்டு கைப்பிடிகளை இழுத்து வலது பக்கம், இடது பக்கம் திருப்பலாம். தரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது இரண்டையும் ஒரு சேரக் கீழே இழுத்தால் வேகம் தணிந்து மெதுவாகக் கால் ஊன்றலாம். ஒரு காலத்தில் இதைப் பட்டிலே தைத்தார்கள். இப்போது நைலான்.

புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, மகள் சொல்லியிருக்கும் 'டாண்டெம்' முறை. வாத்தியாருடைய மார்போடு மாணவியின் முதுகு சேரும்படி, தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று நான்கு இடங்களில் கொக்கி மாட்டி விடுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய பாராசூட். விரிப்பதும் திருப்புவதும் இறக்குவதும் வாத்தியாருடைய பொறுப்பு. மாணவி செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: வெளியே வரும்போது இடுப்பை முன்னே தள்ளி, தலையைப் பின்னே சாய்த்து, உடம்பை வாழைப்பழம் போல வளைத்துக் கொள்ள வேண்டும். இறங்கும்போது முழங்காலை நன்றாக மேலே தூக்கிக் கொள்ள வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தை மறந்தவர்கள்தான் கணுக்காலைப் பிசகிக் கொள்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி ஒருவரைச் சுமந்து குதிக்க வேண்டுமானால், அந்த வாத்தியார் குறைந்தது 500 தடவை குதித்திருக்க வேண்டும். மூன்று வருஷ அனுபவமும் வேண்டும்.

இரண்டாவது வழியில் மாணவி தனியாகவே குதிக்கிறாள். ஆனால் பாராசூட்டின் பூட்டை ஒரு நீண்ட நாடாவால் விமானத்தோடு இணைத்திருப்பார்கள். கொஞ்ச தூரம் விழுந்ததும் நாடா இழுத்துப் பாராசூட்டைத் தானே விரித்து விடும். மூவாயிரம், நாலாயிரம் அடியிலிருந்து குதிப்பார்கள். ராணுவத்தார் ஆக்ராவில் கற்பிப்பதும் நாடா முறைதான். கல்லூரியில் என்.சி.சி.யில் சேரும் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு அங்கே குதிக்கும் பாக்கியம் கிடைக்கிறது.

மூன்றாவது முறையில் முதல் தடவையே மாணவி தன் பாராசூட்டைத் தானே விரிக்கிறாள். ஆனால் இரண்டு வாத்தியார்கள் இரு பக்கமும் அவளைப் பிடித்துக் கொண்டே கூட விழுவார்கள். ஏழெட்டுப் படிகளாக இந்தப் பாடம் நடக்கும். ஒரு படி தேறினால்தான் அடுத்த படி. அமெரிக்காவில் முதல் லைசென்ஸ் பெற 25 தடவை குதித்திருக்க வேண்டும்.

மகள் தேர்ந்தெடுத்திருப்பது மூன்றில் மிகவும் எளிதானது. முதலில் வாத்தியாரோடு, பிறகு பிடித்தால் படிப்பு என்கிறாள். இது துடுக்குக்காரி பேச்சு அல்ல. யோசித்த பெண்ணின் பேச்சு.

"அந்தத் துணி விரியாவிட்டால்?" என்று சகோதரி மட்டுமல்ல, எல்லாத் தாயார்களும் கேட்பார்கள். முதுகில் கட்டுகிற பையில் ஒரு பாராசூட் இல்லை, இரண்டு இருக்கின்றன. முதலாவது சரியாக விரியாவிட்டால், அதைக் கழற்றி விட ஒரு பிடி, இரண்டாவதை விரிக்க ஒரு பிடி. தனியே கற்றுக் கொள்ளும் மாணவர்களுக்கு, "2,500 அடிக்குள் தீர்மானம் செய்து விடு, அதற்குக் கீழே யோசித்துக் கொண்டிருக்காதே" என்று கற்பிக்கிறார்கள். ஏனென்றால், பாராசூட் இல்லாமல் விழும் வேகத்தில் அந்த உயரம் பதினான்கு பதினைந்து விநாடிக்குள் தீர்ந்து போகும். மயக்கமோ தடுமாற்றமோ வந்து ஒன்றுமே செய்யாமல் இருந்து விட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் அளந்து கொண்டே இருக்கும். இவ்வளவு தாழ வந்தும் இவ்வளவு வேகமா என்று அதற்குத் தெரிந்தால், தானே இரண்டாவது பாராசூட்டை விரித்து விடும். 1991-ல் ஜெர்மனியிலிருந்து இதில் ஒரு நம்பகமான வகை வந்தது; அதற்குப் பிறகு எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கின்றன.

ஆனால் கருவி இருப்பது வேறு, அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. நம் வீட்டில் காஸ் ரப்பர் குழாயை மாற்ற வேண்டிய தேதியை எத்தனை பேர் பார்க்கிறோம்? அமெரிக்காவில் அந்த இரண்டாவது பாராசூட்டை, உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும், 180 நாளுக்கு ஒரு முறை லைசென்ஸ் பெற்றவர் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைக்க வேண்டும் என்பது சட்டம். மடித்தவர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று இருக்கும்.

ஆகையால் மகள் நார்னௌலுக்குப் புறப்படு முன் சில கேள்விகளைக் கேட்கட்டும். இந்த இடத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி இருக்கிறதா? என்னைக் கட்டிக் கொண்டு குதிக்கப் போகிறவர் எத்தனை தடவை குதித்தவர், எந்தச் சங்கத்தின் லைசென்ஸ் வைத்திருக்கிறார், அது இந்த வருஷத்துக்குச் செல்லுமா? இரண்டாவது பாராசூட்டை மடித்த தேதி என்ன? தானே விரிக்கும் கருவி இருக்கிறதா? காற்று எவ்வளவு அடித்தால் நிறுத்தி விடுவீர்கள்? நான் குதிக்காமல் திரும்பினால் பணம் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? நல்ல இடமாக இருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டவுடன் மரியாதை கூடும். "பயப்படாதீங்க மேடம், எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று சிரித்துக் கொண்டே பேச்சை மாற்றினால், அந்த இடத்தை விட்டு வந்து விட வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இம்மாதிரி சாகசங்களைப் பல பாலிசிகள் சேர்த்துக் கொள்வதில்லை.

உடம்பைப் பற்றியும் ஒளிக்கக் கூடாது. இருதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன், முதுகு அல்லது முழங்கால் வலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் போகவே கூடாது. பலமான ஜலதோஷம் இருந்தால், உயரத்திலிருந்து வேகமாக இறங்கும்போது காது பிய்ந்து போவது போல் வலிக்கும். வேறொரு நாள் பார்த்துக் கொள்ளலாம். எடையைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் இரண்டு கிலோ குறைத்துச் சொன்னால் பாதகமில்லை. பாராசூட்டைத் தேர்ந்தெடுக்கிறவரிடம் சொல்லலாமா? வளையல், தோடு, சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வைத்து விட்டு, தலையை இறுகப் பின்னி உள்ளே செருகிக் கொள்ள வேண்டும். காலில் கயிறு கட்டிய பூட்ஸ். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. விருந்து சாப்பாடும் கூடாது. நம்முடைய இரண்டு இட்டலிதான் உத்தமம்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று அந்த நாத்தனாருக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊர்க் கடலோடிகளை விடத் தைரியசாலிகள் யார்? ஆனால் கூண்டு ஏறிவிட்டால் படகைக் கரையில் இழுத்துக் கட்டி விட்டு உட்கார்ந்து விடுவார்கள். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் இருந்ததற்காக அவர்களைக் கோழை என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

வானத்திலும் அதே சாஸ்திரம்தான். அமெரிக்காவில், தனியாகக் குதிக்கும் மாணவர்களைத் தரைக் காற்று மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் அனுப்புவதில்லை. மேகத்துக்குள் புகுந்து குதிக்கக் கூடாது. இதற்காக நாள் முழுதும் காத்துக் கிடந்து விட்டு வீடு திரும்புவதும் உண்டு. அனுபவசாலிகள் கூட விமானத்தில் ஏறிப் போய், கதவருகே வந்து, ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அதே விமானத்தில் திரும்பி இறங்கி விடுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. ஆரம்பத்தில் கற்றுக் கொள்ள வேண்டிய முதல் பாடமே, 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்து கொள்வதுதான்.

இப்போது, முன்னே முடிந்து வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அந்த முடிச்சை அவிழ்ப்போம். துணியை விட மனிதருடைய தீர்மானம்தான் அதிகமாகத் தவறுகிறது என்றேன். தீர்மானம் எப்போது தவறும்? மனத்தில் வேறொரு பாரம் இருக்கும்போது. "முகத்தில் விழிக்காதே" என்ற சொல்லைக் கேட்ட பெண் எந்த மனத்தோடு விமானத்தில் ஏறுவாள்? "அம்மாவிடம் அவ்வளவு பேசி விட்டேன், அத்தை அவ்வளவு சொன்னார், இப்போது குதிக்காமல் திரும்பினால் எந்த முகத்தை வைத்துக் கொண்டு பேசுவேன்?" என்றுதானே நினைப்பாள்? காற்று சரியில்லை என்று அவளுக்கே தோன்றினாலும், வாத்தியாரின் பேச்சு பிடிக்காமல் போனாலும், வாயைத் திறக்க மாட்டாள். சகோதரி மகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்ன சொல்லே, அவள் கையிலிருந்த மூன்றாவது பாராசூட்டைப் பிடுங்கிக் கொண்டு விட்டது. திரும்பி வரும் வழிதான் அந்த மூன்றாவது பாராசூட்.

தடுப்பதா, விடுவதா என்று கேட்கிறீர்கள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணை இனித் தடுக்கவும் முடியாது. 'விடுவது' என்பதும் நம் கையில் இல்லை. பயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும். பயத்தைக் கோபமாக மாற்றிச் சொல்லாமல், பயமாகவே சொன்னால் என்ன? "எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக இந்த எட்டுக் கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை எனக்குச் சொல்லு" என்று கேட்டால் எந்த மகள் மாட்டேன் என்பாள்? கேள்வி கேட்கத் தெரிந்த பெண், கேள்வி கேட்காத பெண்ணை விட எப்போதும் பத்திரமாக இருப்பாள். வானத்தில் மட்டுமல்ல, வீடு வாடகைக்குப் பிடிக்கும்போதும், உத்தியோகத்தில் சேரும்போதும், நாத்தனார் கவலைப்படுகிறாரே, அந்தக் கல்யாணத்தின்போதும்தான்.

நாத்தனாருக்கும் ஒரு பதில் சொல்லி விடலாம். தன் பாராசூட்டை மடித்த தேதியைக் கேட்கிற பெண்ணைக் கட்டிக் கொள்ளப் பயப்படுகிற பிள்ளை, நமக்கு மாப்பிள்ளையாக வராமல் இருப்பதே நல்லது.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், சகோதரி. இன்றைக்கு நீங்களே போன் செய்யுங்கள். குதிக்கப் போகும் தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள். "குதித்தாலும் போன் பண்ணு, குதிக்காமல் திரும்பினாலும் போன் பண்ணு. இரண்டும் எனக்குச் சந்தோஷம்தான்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.